பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் இடம் இல்லை

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. காலை 4.45-க்கு எழுந்தேன். 5 மணி முதல் 6.30 வரை படிப்பு. அதன் பிறகு அடுப்பு. ஆடி நான்காவது வெள்ளி என்பதால் பூஜைக்குக் கூடுதலாக இருபது நிமிடம். 9.40-க்கு ஸ்கூட்டியை எடுத்தேன். 9.46-க்கு வேங்கிக்கால் ஆபீஸில் என் நாற்காலி. மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு 1.35-க்கு வீடு திரும்பினேன். சாப்பாடு – மிளகு ரசம், கத்தரிக்காய்.

இதுவரை வழக்கமான நாள்தான். 2.10-க்குச் செய்த காரியம் மட்டும் வழக்கத்தில் இல்லாதது. ஓர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மழை வந்தாலும் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டு கேட்டில் கட்டினேன். அதில் இருந்தது இதுதான்:

‘இந்தப் பௌர்ணமிக்கு இந்த வீட்டில் சாப்பாடு, படுக்கை இல்லை. பாத்ரூம், குடிதண்ணீர் உண்டு. மாலை 6 மணி வரை மட்டும். இப்படிக்கு, வீட்டுக்காரி.’

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருவண்ணாமலையில் வீடு இருக்கிறவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். மனதுக்குள் கை கூடத் தட்டியிருப்பீர்கள்.

எங்கள் ஊரில் சொந்த வீடு என்றால் அது மாதத்தில் இருபத்தெட்டு நாள்தான் சொந்தம். பௌர்ணமி வந்தால் அது பொதுச் சொத்து. சித்தப்பா குடும்பம், சித்தப்பாவின் சம்பந்தி குடும்பம், சம்பந்தியின் ஆபீஸ் நண்பர்கள்... கிரிவலம் வருகிறவர்கள் எல்லோரும் நம் வீட்டில்தான் வண்டியை நிறுத்துவார்கள். குளிப்பார்கள். சாப்பிடுவார்கள். பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "உனக்கென்னம்மா, சாமி பக்கத்துலயே இருக்க" என்பார்கள்.

இருக்கிறேன். சாமி பக்கத்தில் இல்லை, அடுப்புப் பக்கத்தில்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவள் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகள் வேலைக்குப் போய்ச் சேர்ந்த வருடம், தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்.சி. கணிதம் சேர்ந்தேன். எதற்குக் கணிதம் என்று கேட்காதவர் இல்லை. என் மச்சினர் ஒருவர் கேட்டார்: "இந்த வயசுல கணக்குப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கணக்குதான் பண்ணப் போறேன்" என்றேன்.

ப்ரமோஷனுக்காக இல்லை. அது பட்டம் இல்லாமலே வந்துவிட்டது. பிடிக்கும், அவ்வளவுதான். பள்ளியில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் அது. பிடித்ததைச் செய்ய ஐம்பத்திரண்டு வயதில் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா என்ன?

எல்லாப் பேப்பரும் தேறிவிட்டேன், ஒன்றைத் தவிர. ‘மெய்ப் பகுப்பாய்வு’ என்று பெயர். அதில் இரண்டு முறை தவறிவிட்டேன். இந்த மூன்றாவது முறையோடு என் பதிவுக்காலம் முடிகிறது. இதிலும் தவறினால், தேறிய பேப்பர்கள் எதுவும் செல்லாது. முதல் வருடம், முதல் பேப்பரிலிருந்து தொடங்க வேண்டும்.

பரீட்சை, ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை 10 மணி. பௌர்ணமி, வெள்ளி மதியம் தொடங்கி சனி மதியம் வரை.

ஹால் டிக்கெட் வந்த அன்று இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு, சிறிது நேரம் காலண்டர் முன்னால் நின்றேன்.

நான் டைரி எழுதுகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எழுந்த நேரம், படுத்த நேரம், இடையில் நடந்தது – எல்லாம் இருக்கும். ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆறு வருட டைரிகளையும் கட்டிலில் பரப்பினேன். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. நான் ஏன் இரண்டு முறை தவறினேன்?

வயதாகி மூளை மழுங்கிவிட்டது என்று என் தங்கை சொல்லியிருந்தாள். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

டைரி வேறு மாதிரி சொன்னது. கொரோனா காலத்தில் கிரிவலத்துக்குத் தடை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதங்களில் எழுதிய ஒரு பேப்பரில்கூட நான் தவறவில்லை. தடையை நீக்கினார்கள். வேன்கள் வரத் தொடங்கின. அதன் பிறகுதான் ஒவ்வொரு பேப்பருக்கும் இழுபறி. பௌர்ணமிக்கு முந்தின நாள் சாமான் வாங்குவது, அன்றைக்குச் சமையல், மறுநாள் போர்வை துவைப்பது, அதற்கடுத்த நாள் உடம்பு வலி. மாதத்துக்கு நாலு நாள். விட்ட இடத்தில் புத்தகத்தைத் திறந்தால், முன்பு புரிந்ததும் மறந்திருக்கும்.

மூளை அப்படியேதான் இருக்கிறது. கதவுதான் திறந்து கிடந்தது.

அப்படியானால் குற்றவாளிகள் சொந்தக்காரர்களா? அப்படித்தான் எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அதற்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் சரிபார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. எதையும் சரிபார்க்காமல் எழுதிப் பழக்கமில்லை.

பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு மாதமும், பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னதாக, ஒரு மெசேஜ். ‘எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பௌர்ணமிக்கு எத்தனை பேர் வர்றீங்க? இரண்டு நாளுக்குள் சொல்லவும்.’ அனுப்பியது யார்? நான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டிருக்கிறேன். கூட்டம் திடீரென்று வந்து நின்றால் எனக்குப் பிடிக்காது. ஒழுங்கு வேண்டும். அதனால் பெயர்ப் பட்டியல் போட்டேன். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று படம் வரைந்தேன். பாய்களுக்கு நம்பர், தலையணை உறைகளுக்கு நம்பர். போன வருடம் ஒருவர் ஏழாம் நம்பர் தலையணையை மாற்றி எடுத்துவிட்டார் என்று எனக்கு வருத்தம் வேறு.

இவ்வளவு வசதியாக ஒரு வீடு இருந்தால் யார்தான் வரமாட்டார்கள்? நானே வருவேன்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆபீஸில் நேர மேலாண்மை என்று ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். வந்தவர் போர்டில் நாலு கட்டம் போட்டார். முக்கியமானது, முக்கியமில்லாதது, அவசரமானது, அவசரமில்லாதது. உங்கள் வேலைகளை இதில் பிரித்து எழுதுங்கள் என்றார். நாத்தனாரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. எழுந்து கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு அன்று புரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நேரத்தை ஒழுங்காக வைத்திருக்கிறவர்களிடம்தான் நேரம் அதிகமாகப் பறிபோகிறது. ஒழுங்கில்லாதவர் வீட்டுக்கு யாரும் நம்பி வரமாட்டார்கள். நம் அட்டவணையில் எல்லோருக்கும் ஒரு வரி இருக்கும் – பால்காரர், நாத்தனார், நாத்தனாரின் டிரைவர். நமக்கு மட்டும் ஒரு வரி இருக்காது. அது மீந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்போம். மீந்திருக்கிறதா எப்போதாவது?

டைரிகளைப் பரப்பிய அந்த ஞாயிறு மாலையே குழுவில் எழுதினேன். ‘ஆகஸ்ட் 9 எனக்குக் கடைசி வாய்ப்புப் பரீட்சை. ஆகவே இந்தப் பௌர்ணமிக்கு நம் வீட்டில் ஏற்பாடு இல்லை.’

பதில்கள் வந்தன. கட்டைவிரல் ஆறு. கும்பிடு நாலு. பூங்கொத்து ஒன்று. சென்னையில் இருக்கும் என் நாத்தனார் மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "நல்லா எழுதும்மா தேவகி. நாங்க ஜாஸ்தி தொந்தரவு பண்ண மாட்டோம். பதினோரு பேர்தான்."

அதனால்தான் அந்த அட்டை.

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியர். ஐந்து மணிக்கு வந்தவர், வண்டியை நிறுத்தாமலே கேட்டைப் படித்தார். உள்ளே வந்து கேட்டார்.

"வீட்டுக்காரின்னு மட்டும் போட்டிருக்க. என் பேரும் போட்டிருக்கலாம்ல?"

"போட்டா உங்க அக்கா உங்களத்தான் கேப்பாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப வேணாம்" என்றார்.

5.20-க்கு வேன் வந்தது. நான் மாடி அறையில், ஒன்றரைப் பக்க நிரூபணம் ஒன்றில் பாதி வழியில் இருந்தேன். முன்பு தவறிய இரண்டு பரீட்சையிலும் அந்தக் கேள்வி வந்தது. இரண்டு முறையும் பாதிக்கு மேல் நகரவில்லை. ஹாரன் மூன்று முறை அடித்தது. பேனாவை மூடிவிட்டு இறங்கினேன்.

நாத்தனார் கேட்டுக்கு வெளியே நின்று அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் குடியிருக்கும் அபார்ட்மெண்ட் பெண்கள் ஒன்பது பேர், கையில் பைகளுடன். டிரைவரோடு சேர்த்துப் பதினொன்று. அவர் சொன்ன எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

"என்னா தேவகி இது? கேட்ல போர்டு மாட்டி வச்சிருக்க. லாட்ஜா நடத்துற?"

"லாட்ஜ்னா ரூம் இருக்கும் அண்ணி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"நாங்க என்ன உன் புக்கையா தின்னப் போறோம்? ஆளுக்கு ரெண்டு வாய் சாப்டுட்டு நடக்கப் போயிடுவோம். வந்து சித்த நேரம் கால நீட்டிட்டு, விடிஞ்சதும் கிளம்பிடுவோம். நீ பாட்டுக்குப் படி. உன்ன யாரு தடுத்தா?"

"சமைக்கிறது யாரு அண்ணி?"

"ரசம் சோறு போதும்மா. நாங்க என்ன விருந்தா கேட்டோம்?"

பதினோரு பேருக்கு ரசம் சோறு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். டைரியில் இருக்கிறது. பாத்திரத்தோடு சேர்த்து இரண்டு மணி பத்து நிமிடம்.

"பாத்ரூம் போயிட்டு வாங்க. தண்ணி குடிங்க. பையெல்லாம் வேன்லயே இருக்கட்டும். ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன். நாளைக்கு எனக்குப் பரீட்சை. அஞ்சு நாள் முன்னாடியே குரூப்ல சொன்னேன்."

அபார்ட்மெண்ட் பெண்களில் கண்ணாடி போட்ட ஒருவர் நாத்தனாரைப் பார்த்தார். "என்னங்க, இவங்களுக்கு எக்ஸாம்னு நீங்க சொல்லவே இல்லையே. தம்பி வீடு நம்ம வீடு மாதிரின்னுதான சொன்னீங்க."

அந்த நிமிடம் நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். என்னைத் திட்டும்போது அவரை எதிர்த்து நிற்க முடிந்தது. நாலு பேர் முன்னால் வாய் அடைத்து நின்றபோது, ‘வாங்க, எல்லாரும் உள்ள வாங்க’ என்று சொல்ல என் நாக்கு தயாராகிவிட்டது. என் மகள் பிறந்தபோது நாற்பது நாள் கூடவே இருந்து துணி துவைத்துப் போட்டவர் அவர். நான் அதை மறந்தவள் இல்லை.

ஆனால் நாக்கை அடக்கிக்கொண்டேன். அதுதான் நான் அன்று செய்த பெரிய வேலை. பரீட்சையைவிடப் பெரியது.

"சாமிக்கு வர்றவங்கள வெளிய நிறுத்துற. நல்லா இருக்குமா உனக்கு?" என்றார் நாத்தனார், குரலைத் தாழ்த்தி.

"சாமி வெளியதான் இருக்காரு அண்ணி. எவ்ளோ பெரிய மலை."

அண்ணாமலையாருக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நானும் சுற்றுகிறேன். கூட்டம் கம்மியாக இருக்கும் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், மூன்றேகால் மணி நேரம். எந்த வீட்டிலும் ரசம் கேட்டதில்லை.

அதுவரை துளசிச் செடி பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் முன்னால் வந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, கை கால் கழுவிட்டு வாங்க எல்லாரும். பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டல் இருக்கு, டிபன் நல்லா இருக்கும். நான் கூட வரேன். வண்டி நிறுத்தவும் அங்க எடம் இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா உள்ள போங்க, ஒரு பாத்ரூம்தான்."

முப்பது வருடமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர். ஒன்பது பெண்களும் தானாக வரிசையில் நின்றார்கள்.

நாத்தனார் நிற்கவில்லை. வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"இனிமே இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றார்.

‘அப்படிச் சொல்லாதீங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த வரி ‘உள்ளே வாங்க’ என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சொம்போடு திரும்பி வந்தேன். 5.58-க்கு வேன் கிளம்பியது. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினேன்.

குற்ற உணர்ச்சி வந்ததா? வந்தது. நிறையவே வந்தது. அதற்கும் நேரம் ஒதுக்கினேன் – சனிக்கிழமை, பரீட்சை முடிந்து பகல் 1.15 முதல். அதுவரை காத்திருக்கச் சொன்னேன். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அது காத்திருந்தது.

போன் வந்துகொண்டே இருந்தது. பெரிய மச்சினர், அவர் மனைவி, மறுபடி பெரிய மச்சினர். செய்தி சென்னைக்குப் போய்த் திரும்பியிருந்தது. போனை அணைத்துப் பீரோவில் வைத்தேன். அந்த நிரூபணத்தின் இரண்டாவது பாதியோடு 8.40 வரை உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஏதோ ஒன்று பிடிபட்டது. ஒரு வரியை இவ்வளவு நாளும் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குத் தேவைப்பட்டது யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம்தான். ஆறு வருடத்தில் எனக்கு அது சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை.

பரீட்சை எப்படி என்று கேட்பீர்கள். ஊருக்குள் ஒரு கல்லூரியில் சென்டர். கூட்டத்தில் ஆட்டோவை நம்ப முடியாது என்று நடந்தே போனேன். பதில் எழுத வேண்டிய ஐந்தில் நாலேகால் எழுதினேன். ரிசல்ட் வர மாதக்கணக்காகும். தேறினாலும் சரி, தவறினாலும் சரி, அன்று கேட்டைப் பூட்டியது சரிதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ‘தேறினாள், அதனால் செய்தது நியாயம்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். தவறியிருந்தாலும் அந்த மாலை என்னுடையதுதான்.

நாத்தனாரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசினேன். அவர் பேசவில்லை. போனை எடுத்தார், நான் பேசி முடிக்கும்வரை வைக்காமல் இருந்தார். பிறகு வைத்துவிட்டார். நாலு நிமிடம். இன்னும் சில மாதம் ஆகும் என்று நினைக்கிறேன். ஆகட்டும். அவருக்காகச் சென்னைக்குப் போய் நிற்க எனக்கு வெட்கம் இல்லை. தேதியை மட்டும் நான் தீர்மானிப்பேன்.

உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். பாட்டோ, தையலோ, பாதியில் நின்ற பட்டமோ. நேரம் கிடைத்தால் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒரே ஒரு முறை உங்கள் மெசேஜ்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். ‘எத்தனை பேர் வர்றீங்க’ என்று கேட்டது யார் என்று தெரிந்துவிடும். பிறகு உங்கள் கேட்டுக்கு ஏற்ற அளவில் ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கையெழுத்து பெரிதாக இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையைச் சொல்லாமல் விட்டேனே. 4.45-க்கு எழுந்தேன். பல் விளக்கவில்லை, விளக்கேற்றவில்லை. முதல் வேலையாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த நிரூபணத்தைப் புத்தகம் பார்க்காமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினேன்.

வாசல் தெளித்தது என் வீட்டுக்காரர்.